பிடித்த மீனை விட்டுவிடுகிறவர்

திருப்பதியிலிருந்து ஒரு ஆள் அவ்வளவு தூரம் கார் ஓட்டிக்கொண்டு வருகிறார். வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பொழுதெல்லாம் தூண்டிலைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறார். மாட்டுகிற மீனைக் கொக்கியிலிருந்து பக்குவமாகக் கழற்றி, இரண்டு கையாலும் ஏந்தி, மறுபடி தண்ணீரிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார். இப்படி ஒருத்தரை யார் நம்புவார்கள்? பிரேமலதா நம்பவில்லை.

நேரேடுவாகு டேம் என்று பெயர்தான் பெரிது. பங்காருபாளையம் தாண்டி, மாந்தோப்புகளுக்கு நடுவே போகிற மண்பாதையில் தமிழ்நாட்டு எல்லையைப் பார்க்கப் போனால், இரண்டு குன்றுகளுக்கு இடையில் ஒரு கரையைப் போட்டு ஓடையை மறித்திருப்பார்கள். அவ்வளவுதான் டேம். மழைக்காலத்தில் நிறைந்து நிற்கும். மாங்காய் சீசன் வரும்போது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கரைக்குக் கீழே உள்ள ஊரில் பெரும்பாலும் தமிழ் பேசுகிற குடும்பங்கள். பிரேமலதாவின் நைனா காலத்தில் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு கையளவு மண் கிடையாது. அடுத்தவர் தோப்பில் கூலி வேலைதான். இப்போது ஆளுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. போன வருஷம் முதல் டேமில் மீன் பிடிக்கும் உரிமையும் ஊர்ப் பெண்களின் சங்கத்துக்கு வந்திருந்தது. சங்கத்துக்குத் தலைவி பிரேமலதா.

அந்த உரிமை சும்மா வந்துவிடவில்லை. சித்தூர் காண்டிராக்டர் ஒருவர் அதற்கு மோதிப் பார்த்தார். மண்டல் ஆபீசுக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்த பிறகுதான் கிடைத்தது. அதனால் டேம் பக்கம் புதிதாக யார் தலை தெரிந்தாலும் பிரேமலதாவுக்கு முதலில் வருவது ஒரே கேள்வி: இவன் யார் அனுப்பி வந்தவன்?

அவள் கணவன் பழனி வட்டப் பரிசலில் போய் வலை போடுவான். கரையோரம் ஓலைக் கொட்டகை போட்டு அவள் டீயும் மீன் வறுவலும் விற்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தூர்ப் பையன்கள் தூண்டிலோடு வருவார்கள். சங்கத்துக்குக் கட்டணம் கட்டுவார்கள், பிடிப்பதைக் கொண்டுபோவார்கள், கொட்டகையில் வறுவல் சாப்பிட்டுவிட்டுக் கூச்சல் போட்டு விளையாடுவார்கள். அவர்களை அவளுக்குப் புரிந்தது.

இவர் செவ்வாய்க்கிழமைதான் வருவார். வேறு யாரும் வராத நாள்.

ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் நாமம். வெள்ளைச் சட்டை. காரைப் பாதையில் நிறுத்தாமல் புளியமரத்துக்குப் பின்னால், வண்டி நம்பர் தெரியாதபடி நிறுத்துவார். இறங்கியதும் சட்டையைக் கழற்றிவிட்டுப் பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொள்வார். போகும்போது சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுவார். எலுமிச்சை இலையைக் கசக்கித் தேய்ப்பார். பிறகு விரல்களை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு இன்னொரு தரம் கழுவுவார். கையில் ரத்தக்கறை பட்டவன்கூட இப்படிக் கழுவ மாட்டான் என்று பிரேமலதாவுக்குத் தோன்றும்.

இதெல்லாவற்றையும்விட அவளை உறுத்தியது வேறு. அவர் கொட்டகைக்குள் வர மாட்டார். வறுவல் வாங்க மாட்டார். முதல் தடவை அவள் தட்டில் இரண்டு துண்டு வைத்து நீட்டியபோது, பாம்பைக் கண்டவர்போல ஓர் எட்டுப் பின்னால் போனார். "வேணாம்மா, வேணாம்" என்றார். டீயை மட்டும் பழனி கையில் கொடுத்தனுப்பச் சொல்லித் தூர நின்று குடித்தார். இந்த மாதிரி ஆட்களை அவள் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாள்.

"நம்ம கையால துன்னா அவருக்குத் தீட்டு ஒட்டிக்கும்" என்றாள் பழனியிடம்.

"டீ குடிக்கிறாரே."

"அது கிளாசு. வெளியில நின்னுக்கினு குடிக்கிறாரு. உனக்கு எதுவும் உறைக்காது."

பழனிக்கு உண்மையிலேயே எதுவும் உறைக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய தூண்டிலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். கம்பு வளைகிற விதம், ராட்டை சுற்றுகிற சத்தம் எல்லாவற்றையும் வீட்டில் வந்து சொன்னான். பெரிய விரால் ஒன்று மாட்டி, கரைக்கும் தண்ணீருக்கும் இழுபறி நடந்து, கடைசியில் அவர் அதைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு விட்டதைச் சொல்லும்போது அவன் கண் மின்னியது.

"சந்தையில எடுத்துப் போனா சண்ட போட்டு வாங்குவாங்க, அப்பிடி மீனு. வுட்டுட்டாரு பிரேமா. அது வாலால ஒரு தட்டு தட்டிட்டுப் போச்சு. இவரு சிரிச்சாரு பாரு, கொழந்த மாதிரி."

"உனக்கு இன்னா குடுக்கிறாரு?"

"யாரு?"

"அந்தாளு. சும்மாவா பக்கத்துலயே உக்காந்துக்கினு இருக்கற?"

பழனி எழுந்து போய்விட்டான். அன்றிலிருந்து அந்த ஆளைப் பற்றி வீட்டில் பேசுவதை நிறுத்திக்கொண்டான். அதுவும் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை அவளே டீயை எடுத்துக்கொண்டு நேராகப் போனாள். "சார், உங்க பேரு?"

"கோபிகிருஷ்ணன்மா."

"திருப்பதி பக்கம் தண்ணியே இல்லீங்களா? இம்மாந் தூரம் வர்றீங்களே."

"இங்க அமைதியா இருக்கும்மா."

"புடிச்ச மீன எதுக்கு வுடறீங்க?"

அவர் மிதவையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார். பல வருஷத்துக்கு முன் ஊட்டிக்குப் போயிருந்தாராம். அங்கே மலைக்கு மேலே ஒரு டேமில், குளிர்ந்த தண்ணீரில், ட்ரவுட் என்று ஒரு மீன் இருக்கிறதாம். உடம்பெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்குமாம். ஒருவர் பனியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அதைப் பிடித்து, பிடித்ததைத் தண்ணீரை விட்டு முழுசாக வெளியே எடுக்காமலேயே கழற்றி விட்டாராம். "அப்பத்தாம்மா எனக்குத் தெரிஞ்சுது, கொல்லாமயும் மீன் பிடிக்கலாம்னு."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததாலேயே அவள் நம்பவில்லை. அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. அவர் திரும்பி நின்றுகொண்டு குரலைத் தாழ்த்தினார். ஆனால் தண்ணீர்ப் பக்கம் குரல் எங்கே போகும்? "ஆங், தணிகாசலம்தான் பேசறேன். மண்டியிலதான் இருக்கேன்."

பிரேமலதா காலி கிளாசை வாங்கிக்கொண்டு திரும்பினாள். இரண்டு பெயர். இல்லாத மண்டி.

அன்று சாயங்காலம் டீ குடிக்க வந்த தம்பி முரளியிடம் சொன்னாள். முரளி பக்கத்து மாங்கூழ் பேக்டரியில் டேங்கர் ஓட்டுகிறவன். சீசன் என்பதால் இரவு பகல் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தான். அவன் கேட்டுவிட்டு உடனே சொன்னான்: "நானே சொல்லணும்னு இருந்தேன்க்கா. அந்தாளு மீனு புடிக்க வர்றவன் இல்ல. நான் ரோட்டு மேல போறப்பெல்லாம் பாக்கறேன். அவன் கண்ணு தண்ணியிலயா இருக்குது? ஓடத் தண்ணி வர பக்கமே பாத்துக்கினு உக்காந்திருக்கான். இன்னாவோ வேவு பாக்கறான்."

"யாருக்கு?"

"உனக்குத் தெரியாதா? டேமு போனதுல யாருக்கு வயிறு எரியுதோ அவங்களுக்குத்தான். நீ அவன வர வேணாம்னு சொல்லிடு."

காண்டிராக்டர் முகம் அவள் கண்முன் வந்து நின்றது. இருந்தாலும் கட்டணம் கட்டி வருகிற ஆளை என்ன சொல்லித் துரத்துவது? பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாள். சங்கத்தில் இருக்கும் ரூபாவையும் ஒரு கண் வைக்கச் சொன்னாள்.

ரூபாவின் கண் இரண்டு கண்ணுக்குச் சமம். அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் ஆடு ஓட்டுகிற சாக்கில் புளியமரத்துப் பக்கம் போய், கார் டிக்கி திறந்திருந்தபோது எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "அக்கா, டிக்கி நெறைய வெல்லம். மூட்ட மூட்டையா."

இந்தப் பக்கத்தில் மூட்டை மூட்டையாக வெல்லம் என்றால் யாருக்கும் பாயச ஞாபகம் வராது; சாராய ஞாபகம்தான் வரும். கொஞ்ச நேரம் கழித்து ரூபா போனைத் தூக்கி வீடியோ எடுக்கப் பார்த்தாள். அவர் சட்டென்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "அழிச்சிடும்மா, தயவு பண்ணி அழிச்சிடு" என்று கையெடுத்துக் கும்பிட்டார். போகிறதுக்கு முன்னால் உருண்டை உருண்டையாக எதையோ எடுத்துத் தண்ணீரில் நாலு பக்கமும் எறிந்தார். மீனுக்கு இரை என்று பழனி சொன்னான். பிடித்ததை விட்டுவிடுகிறவருக்கு இரை எதற்கு என்று ரூபா கேட்டாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பழனி பரிசலைத் தள்ளப் போனவன் அப்படியே நின்றுவிட்டான். அவன் கூப்பிடவில்லை. அவன் நின்ற விதத்தைப் பார்த்தே பிரேமலதா ஓடினாள்.

தண்ணீர் முழுக்க வெள்ளையாக இருந்தது. கட்லா, ரோகு, ஜிலேபி மீனெல்லாம் வயிற்றை மேலே காட்டி மிதந்தன. கரையோரம் சில இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மழைக்கு முன்னால் மொத்தமாக வலை போட இருந்தார்கள். சங்கத்துப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கரையில் நின்றார்கள். யாரோ அழ ஆரம்பித்ததும் எல்லோரும் அழுதார்கள். முரளியும் வந்தான். கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தான். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "அந்தாளு எறிஞ்ச உருண்ட. நான் சொன்னேனா இல்லியா?"

பழனி ஒருவன்தான் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான். யாரும் காது கொடுக்கவில்லை. செத்த மீனை வாரிக் குழி தோண்டிப் புதைக்கவே மூன்று நாள் ஆயிற்று. நாற்றம் ஊரை விட்டுப் போகவில்லை.

குற்றம் செய்தவன் திரும்பி வருவானா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை வந்ததும் புளியமரத்தடியில் காத்திருந்தார்கள். அவர் வந்தார். இறங்கியவுடன் மூக்கைச் சுளித்துத் தண்ணீர்ப் பக்கம் பார்த்தார். அவர் முகத்தில் அதிர்ச்சி தெரிந்தது. அதைப் பிரேமலதா நன்றாகவே பார்த்தாள். பார்த்தும், நடிக்கிறார் என்றே எடுத்துக்கொண்டாள்.

முரளி சாவியைப் பிடுங்கினான். ஒருவர் சட்டையைப் பிடித்தார். டிக்கியைத் திறந்தார்கள்: வெல்லம், சோப்பு, மடித்து வைத்த பழைய சட்டை. "இன்னாடா கலந்து போட்ட?" என்று முரளி கத்தினான். அவர் "நான் இல்லப்பா, நான் எதுவும் செய்யல" என்று மட்டுமே திரும்பத் திரும்பச் சொன்னார். கட்டியிருந்த கைக்கடிகாரம் கீழே விழுந்து மண்ணில் கிடந்தது. பழனி குறுக்கே புகுந்து தடுக்கப் பார்த்தான், அவனையும் தள்ளிவிட்டார்கள்.

அப்போது போன் அடித்தது. காரின் முன்சீட்டில் கிடந்தது. பிரேமலதா குனிந்து எடுத்தாள். அவர் முகம் வெளுத்தது. அதுவரை சட்டையைப் பிடித்து உலுக்கியபோதுகூட அப்படி வெளுக்கவில்லை.

"அம்மா, அத எடுக்காதீங்க. என்னய இன்னா வேணா செய்ங்க. அத மட்டும் எடுக்காதீங்கம்மா."

அந்தக் கெஞ்சல்தான் அவளை எடுக்க வைத்தது. எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னாங்க, வெல்லம் ஏத்தியாச்சா? கல்யாண ஆர்டரு ஒண்ணு சேர்ந்து வந்திருக்கு, இன்னும் ரெண்டு மூட்ட சேத்துப் போட்டுக்குங்க" என்றது ஒரு பெண்குரல்.

"நான் அவரு இல்லம்மா. நேரேடுவாகு டேமுலருந்து பேசறேன். உங்க வூட்டுக்காரரு எங்க டேமுல விஷம் வெச்சி மீனெல்லாம் சாவடிச்சிட்டாரு. புடிச்சி வெச்சிருக்கோம்."



"மீனா?" என்றது குரல். "நீங்க வேற யாருக்கோ பேசறீங்க. எங்க வீட்டுக்காரரு மீனக் கையால தொட மாட்டாரு. நாங்க திருப்பதியில சுத்த சைவ மெஸ் வெச்சிருக்கோம். எங்கப்பா காலத்துலருந்து நடக்குது. அவரு செவ்வாக்கெழம செவ்வாக்கெழம சித்தூரு மண்டிக்கு வெல்லத்துக்கு வருவாரு."

"மாசக்கணக்கா இங்கதான் வர்றாரும்மா. தூண்டில் போடறாரு."

"மாசக்கணக்கா" என்று அந்தக் குரல் ஒரு தரம் சொன்னது. பிறகு போன் கட்டாகிவிட்டது.

சட்டையைப் பிடித்திருந்தவர் கையை எடுத்துவிட்டார். தணிகாசலம் மரத்தடியில் தரையில் உட்கார்ந்தார். யாரும் கேட்காமலே சொன்னார். அவர் பிறந்தது காளஹஸ்திப் பக்கம். சின்ன வயதில் சுவர்ணமுகி ஆற்று மடுவில் தூண்டிலோடு கிடந்தவர். பெண் கொடுத்த வீடு சைவம். மாமனார் மெஸ்ஸைக் கையில் கொடுத்தபோது தூண்டிலை விட்டார். மலைக்குப் போகிறவர்களும் கல்யாண வீட்டுக்காரர்களும் அந்த மெஸ்ஸின் சுத்தத்தை நம்பித்தான் சாப்பிடுகிறார்கள். நடத்துகிறவர் கையில் மீன் வாடை என்று ஒருத்தர் சொன்னால் போதும். அதனால்தான் யாருக்கும் முகம் தெரியாத இடமாகத் தேடி வந்தார். "துன்றதுக்கு இல்லம்மா. அது மாட்டறப்ப கையில ஒரு இழுப்பு வரும் பாருங்க. அதுக்குத்தான்."

"வறுவல் நீட்டனப்ப?" என்றாள் பிரேமலதா. இத்தனை நடந்த பிறகும் அதைத்தான் கேட்கத் தோன்றியது.

"அந்த எண்ணெ வாசன சட்டையில ஏறிடுச்சுன்னா போவாதும்மா. வீட்ல கண்டுபிடிச்சிடுவாங்க."

 பொய் சொல்கிறவர் இவ்வளவு வெட்கக்கேடான பொய்யைத் தேடிப் பிடிக்க மாட்டார்.

அவர் எழுந்து சாவிக்காகக் கையை நீட்டினார். முரளி கொடுக்கும்போது இரண்டு பேர் கண்ணும் ஒரு நொடி சந்தித்தன. தணிகாசலம் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார். முரளி முகத்தைத் திருப்பிக்கொண்டான். சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டுக் கூர்மையான பிரேமலதாவின் கண் அதைத் தவறவிடவில்லை. யாருடைய கண்ணும் அப்படித் திரும்புவது சும்மா அல்ல.

கார் போனதும் பழனியைக் கூப்பிட்டாள். "வா, ஓடத் தண்ணி வர பக்கம் போலாம்."

டேமின் மேல்கோடியில் ஓடை வந்து சேருகிற இடத்துக்கு யாரும் அதிகம் போவதில்லை. முள்காடு. ஆனால் ரோட்டிலிருந்து அங்கே புதிதாக ஒரு தடம் இறங்கியிருந்தது. கனமான வண்டியின் டயர் மண்ணை ஆழமாக உழுதிருந்தது. பாறைகளின் மேல் மாம்பழ நார் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஓடைக்குழியில் கறுப்பாக, கெட்டியாக, நுரை கட்டிய ஒன்று தேங்கி நின்றது. ஊரில் செத்த மீன் நாற்றம் மூக்கை அடைத்திருந்ததால் தெரியாத புளித்த வாடை இங்கே குப்பென்று அடித்தது. ஒரு குச்சியால் பழனி கிளறினான். தோலும் கூழும். பேக்டரிக் கழிவு.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"அவனா இருக்காது. அங்க எவ்ளோ டேங்கரு ஓடுது" என்றான் பழனி. அவள் மனம் நோகக் கூடாதென்று சொன்னான். அவள் முன்னால் நடந்தாள்.

முரளியை அம்மா வீட்டில் பிடித்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "எப்பத்துலருந்து கொட்டற?" என்றாள். எதை என்று அவன் கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"சீசன்ல அவ்ளோ கழிவு வருதுக்கா. தூரமா போய்க் கொட்டினா அடுத்த நடைக்கு லேட்டாவும். எங்கனாச்சும் கிட்டக்க வுட்டுட்டு வான்னு சூப்பர்வைசரு சொன்னாரு. தண்ணியில கரைஞ்சி பூடும்னு நெனச்சேன். சத்தியமா மீனு சாவும்னு நெனைக்கல."

"அவரு பாத்தாரா?"

"ஒருக்கா பாத்தாரு. அதான் அவர வர வுடாதன்னு உனுக்கு சொன்னேன்."

"இன்னிக்கி அவரு சாவியப் புடுங்கினியே, மீனு எப்பிடி செத்துச்சுன்னு தெரிஞ்சிக்கினேதான புடுங்கின?"

அவன் தலை நிமிரவில்லை. அம்மா உள்ளிருந்து வந்து, நடந்தது நடந்துபோச்சு, வெளியே சொல்லிவிடாதே, கூடப் பிறந்தவன் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பிரேமலதா அந்தக் கையை விலக்கினாள். 

மறுநாள் சங்கத்துப் பெண்களைக் கொட்டகைக்கு வரச்சொல்லி, நின்றபடியே சொன்னாள். தம்பி பெயரையும் சொன்னாள். ரூபா வாயில் கையை வைத்துக்கொண்டாள். அப்புறம் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். அவளையும் நாலு பேர் கேட்கக் கூடாத கேள்வியெல்லாம் கேட்டார்கள். தம்பிக்காக இத்தனை நாள் மூடி மறைத்தாயா என்று ஒருத்தி கேட்டாள். பிரேமலதாவால் அவளைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. அவள் இடத்தில் தான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பாள்.

எல்லோருமாக அன்றே போய் பேக்டரி கேட்டை மறித்து உட்கார்ந்தார்கள். சீசன் நேரத்தில் மாங்காய் ஏற்றிய வண்டிகள் ரோடு நீளத்துக்கு நின்றுவிட்டன. பொழுது சாய்வதற்குள் மேனேஜர் இறங்கி வந்தார். கழிவை இனி டேம் பக்கம் கொண்டுவருவதில்லை என்றும், ஓடைக்குழியைச் சுத்தம் செய்து, மழை வந்ததும் மீன்குஞ்சு வாங்கி விடுகிறோம் என்றும் நாலு பேர் முன்னால் ஒத்துக்கொண்டார். கொட்டச் சொன்ன சூப்பர்வைசருக்கு ஒன்றும் ஆகவில்லை. கொட்டிய முரளிக்கு வேலை போயிற்று. அவன் வேலூருக்குப் போய் லாரி ஓட்டுவதாகச் சொன்னார்கள். அக்கா நம்பரைப் பார்த்தால் போனை எடுப்பதில்லை. அம்மா வாசலில் அவளைக் கண்டால் உள்ளே போய்விடுகிறாள்.

தணிகாசலம் அதற்குப் பிறகு வரவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் பழனி புளியமரத்தடியைப் பார்ப்பதும், வலையைச் சரிபார்ப்பதுமாக இருந்தான். கீழே விழுந்த கடிகாரத்தை அவன் எடுத்து வைத்திருந்தான். ஒரு நாள் பிரேமலதா அதைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

திருப்பதியில் மெஸ்ஸைக் கண்டுபிடிக்க நாலு பேரைக் கேட்க வேண்டியிருந்தது. மதியக் கூட்டம் கலைந்திருந்தது. கல்லாவில் கண்ணாடி போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். தணிகாசலத்தின் மனைவி மஞ்சுவாணி. பிரேமலதா ஊர்ப் பெயரைச் சொன்னவுடன், அன்று போனில் கேட்ட குரல் என்று அவர் அடையாளம் கண்டுகொண்டார். எழுந்து திட்டப் போகிறார் என்று நினைத்தாள். அவர் அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். சேலையை, வளையலை, கழுத்தை. பிறகு, "உக்காருங்க" என்று இலை போடச் சொன்னார்.

"சாப்புட வரலம்மா. மன்னிப்புக் கேக்க வந்தேன். அவரு எதுவும் செய்யல."

"தெரியும். சாப்புடுங்க."

அவரே எதிரில் உட்கார்ந்துகொண்டார். பொரியல் வைக்க வந்த ஆளை அனுப்பிவிட்டுத் தாமே பரிமாறினார்.  அவர் மெல்லிய குரலில் கேட்டார். "அங்க வேற யாராவது வருவாங்களா? பொம்பளைங்க?"

"எங்க டேமுக்கா? எதுக்கும்மா?"

"செவ்வாக்கெழம ஆனா புதுச் சட்ட. திரும்பி வர்றப்ப சோப்பு வாசன, எலுமிச்ச வாசன. மனசு லேசா இருப்பாரு. நான் என்ன நெனைப்பேன்? சித்தூர்ல இன்னொரு குடும்பம்னே முடிவு பண்ணிட்டேன். கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு கேக்காம இருந்தேன். மீனுன்னு நீங்க சொன்னப்ப எனக்கு ஒண்ணும் புரியல. அன்னைக்கி பூரா அழுதேன். கோவமா, நிம்மதியா, எதுக்கு அழறேன்னே தெரியல."

தணிகாசலம் சமையல் பக்கமிருந்து வந்தார். அவளைக் கண்டதும் நின்றார். கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர் பேசியது கொஞ்சம்தான்.

"அந்த டேங்கரு கொட்டறத நான் முன்னாடியே பாத்தேன்மா. சொல்லியிருந்தா மீனு பொழச்சிருக்கும். சாட்சிக்கு வான்னு பேரு, ஊரு கேப்பாங்களேன்னு வாய மூடிக்கினேன்."

பிரேமலதாவுக்குக் கோபம் வந்தது. அதே வேகத்தில் அது எங்கே போய் நிற்கிறது என்று தெரியாமல் அடங்கியது. "அவன் என் தம்பி சார்" என்றாள்.

"அது தெரியாது" என்றார் அவர்.

மழை இந்த வருஷம் ஏமாற்றவில்லை. ஆவணியில் டேம் நிறைந்து, மீன்குஞ்சு விட்டார்கள். குஞ்சு வளர்கிற வரை யாரும் தூண்டில் போடக் கூடாதென்று சங்கத்தில் முடிவாயிற்று. தை பிறந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை கார் வந்து, பாதையிலேயே, எல்லோரும் பார்க்கிற மாதிரி நின்றது. தணிகாசலம் இறங்கினார். மறுபக்கம் மஞ்சுவாணி இறங்கினார்.

பழனி ஓடிப்போய் மஞ்சுவாணிக்கு ஒரு நாற்காலி போட்டான். கணவர் தூண்டிலை வீசிவிட்டு உட்கார்ந்தார். மஞ்சுவாணி தண்ணீரைப் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கரையில் போகிற வருகிற ஒவ்வொரு பெண்ணையும் ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடு ஓட்டிக்கொண்டு ரூபா போனபோது கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார்.

பிரேமலதா டீ கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"அந்தப் பொண்ணு யாரு?" என்று கேட்டார் மஞ்சுவாணி, உதடு அசையாமல்.

"எங்க சங்கத்துப் பொண்ணும்மா. ரூபா."

"தினம் இந்தப் பக்கந்தான் வருவாளா?"

"ஆடு இங்கதாம்மா மேயும்."

மஞ்சுவாணி டீயை வாங்கி ஒரு வாய் குடித்தார். அவர் கண் ரூபாவை விட்டு நகரவில்லை. பிரேமலதா பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். அவளும் ரூபாவைப் பார்த்தாள், பாதையில் தூரத்தில் ஒரு டேங்கர் போவதைப் பார்த்தாள், அது நிற்காமல் வளைவில் மறைகிற வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.